கரையான் வயிற்று வாயு

நான்கு வருடம் கரையானின் குடலை உருவுவதுதான் என் வேலை. தமாஷுக்குச் சொல்லவில்லை. இரண்டு மெல்லிய இடுக்கிகள் வேண்டும். ஒன்றால் தலையைப் பிடித்துக்கொண்டு மற்றதால் வால் நுனியை இழுத்தால், நனைந்த நூல் மாதிரி குடல் முழுசாக வந்துவிடும். அவசரப்பட்டால் அறுந்துபோகும். பொறுமை என்கிற சரக்கே இல்லாதவள் என்று வீட்டில் பெயரெடுத்த நான், ஒரு நாளைக்கு இருநூறு குடல் உருவுவேன். கோயிலில் யாராவது "பொண்ணு எங்க வேலை பாக்கா?" என்று கேட்டால், அம்மா "சயின்ஸுல இருக்கா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள்.

பெட்ரோல் விலை எகிறிப்போய், எதைத் தொட்டாலும் அதிலிருந்து எரிபொருள் எடுக்க முடியுமா என்று பார்த்த காலம் அது. சாணியில் எடுத்தாயிற்று. எங்கள் ஆய்வுக்கூடத்து ஸார் கரையானைப் பிடித்துக்கொண்டார். மரத்தைத் தின்பதுதான் கரையான். ஜீரணிப்பது அதன் குடலில் குடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். அவற்றை வெளியே எடுத்து, பாட்டிலில் கோதுமை வைக்கோல் தூளைப் போட்டு வளர்த்தால், வைக்கோலைத் தின்று எரிகிற வாயுவைத் தரும். வீணாகிற வைக்கோலில் அடுப்பு எரியும், ஒரு நாள் பஸ்ஸே ஓடும் என்பார் ஸார். கான்பூர்க்காரர், நல்ல மனுஷர், பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

ஒரே சிக்கல், அந்த உயிர்களுக்குக் காற்று ஆகாது. பட்டால் செத்துப்போகும். அதனால் பாட்டிலுக்குள் ஒரு சாயம் விட்டிருப்போம். காற்று இல்லாதவரை நிறமே தெரியாது. கொஞ்சம் புகுந்தாலும் ரோஸ் நிறமாகிவிடும். தினமும் காலையில் அந்த அறைக் கதவைத் திறந்ததும் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பேன். ரோஸ் தெரியக்கூடாது என்பதுதான் நான்கு வருடமாக என் ஒரே பிரார்த்தனை. இன்றைக்கும் யாராவது ரோஸ் மில்க் கொண்டுவந்து நீட்டினால் எனக்கு எரிச்சல் வரும்.

நான்காவது வருடம் மார்ச்சில் ஏழாம் நம்பர் பாட்டிலின் வாயு எரிந்தது. கண்ணாடிக் குழாயின் முனையில் கடுகளவு நீலம். ஸாரும் நானும் லேப் அட்டெண்டரும், மூன்றே பேர்தான் பார்த்தோம். அட்டெண்டர் கைகூப்பிக் கும்பிட்டார். ஸார் உடனே டெல்லி முழுக்க போன் செய்தார். ஜூனில் கமிட்டி வந்து பார்ப்பதாக முடிவாயிற்று. கண்ணெதிரில் எரிந்தால் திட்டம் தொடரும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நீட்டித்துக்கொண்டிருந்த என் தற்காலிக வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் இரண்டுக்கும் முழுக்கு.

எனக்கு வேலை மட்டும் போவதென்றால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். எங்களுக்கு டெல்லி கிட்வாய் நகரில் தரைத்தள குவார்ட்டர். அப்பா மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீஸர், ஜூலையோடு ரிட்டயர்மென்ட். அவர் போனால் குவார்ட்டரும் போகும். ஆனால் கூடவே குடியிருக்கும் பிள்ளைக்கு நிரந்தர சர்க்கார் வேலை இருந்தால், அந்தப் பெயருக்கு வீட்டை மாற்றித் தருவார்கள். அம்மாவுக்கு இரண்டு வருடம் முன்னால் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் போவாள். அங்கே நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து பிளாக் பஞ்சாபிப் பெண்களோடு இல்லாத ஹிந்தியில் குழறிக் குழறி மணிக்கணக்காகப் பேசுவாள். டிஸ்பென்சரி நான்கு எட்டு வைத்தால் வந்துவிடும். வெளியில் எங்கள் சக்திக்குக் கிடைக்கிற வீடெல்லாம் இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி. படி ஏற அம்மாவால் முடியவே முடியாது. ஆக, கரையான் வயிற்று வாயு எரிந்தால் அம்மா வாசலில் உட்காரலாம். நிலைமை அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் கரையானே எங்கள் வீட்டுக் கரையான்தான். புற்றுக் கட்டுகிற ஜாதி எங்களுக்கு உதவாது. அது காளான் வளர்த்துத் தின்கிற கூட்டம். மரத்தை மட்டுமே தின்று குடலிலேயே செரிக்கிற ஜாதி எங்கள் குவார்ட்டரின் சமையலறைக் கதவு நிலையில் இருந்தது. இரண்டு வருடத்துக் கணக்கெல்லாம் அந்த ஒரு கூட்டத்தை வைத்துத்தான். வாரம் ஒருமுறை நிலையைத் தட்டி, டிபன் டப்பாவில் பிடித்துப்போட்டு, டிடிசி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவேன். பக்கத்து சீட்டுக்காரி ஆசையாக டப்பாவைப் பார்ப்பாள்.

அப்பாவோ அதே கரையானை ஒழிக்கச் சொல்லி, நான் அதைப் பிடிக்கத் தொடங்கும் முன்பே காலனி இன்குயரி ஆபீஸுக்குப் புகார் எழுதியிருந்தார். அப்பா எழுதினால் அது சாதாரண எழுத்தா? பார்வை ஒன்று, பார்வை இரண்டு, நினைவூட்டல் ஒன்று முதல் ஆறு வரை, நகல் மேலதிகாரிக்கு. நான் தலையால் அடித்துக்கொண்ட பிறகு, "சரி, வாபஸ் வாங்கிருதேன்" என்றார். நேரில் போய் வாய்ப்பேச்சாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர வேண்டியதுதானே? அதுதான் கிடையாது. அதற்கும் ஒரு கடிதம், பார்வை எண்களோடு, நகலோடு. பதிவுத் தபாலில் அனுப்பினார். ஆபீஸ் இருந்தது எங்கள் தெருக்கோடியில்.

கமிட்டி வருவது திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் கதவைத் திறந்தேன். பதினோரு பாட்டிலும் ரோஸ்.

நடந்தது இதுதான். கமிட்டி வருகிறதென்றால் சர்க்கார் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தே தீர வேண்டும். திங்கள் சாயங்காலம் நான் கிளம்பிய பிறகு வெள்ளையடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள். அட்டெண்டர், பாட்டிலில் சுண்ணாம்பு தெறிக்குமே என்று பதறி, ரப்பர் குழாய்களைக் கழற்றி, ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய்க் காரிடாரில் வைத்து, வேலை முடிந்ததும் துடைத்து, நம்பர் வரிசைப்படி திரும்ப அடுக்கி வைத்திருந்தார். எல்லாக் குழாயும் ஒழுங்காக மாட்டியிருந்தது. "ஏக் பூந்த் பீ நஹீ கிரா, பஹன்ஜி" என்றார், ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லையாம். கண்ணாடி பளபளவென்றிருந்தது. எனக்கு அந்த மனுஷரை அறையலாம் போலிருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. சேர்த்து வைத்திருந்த வாயுவும் குழாய் வழியே போய்விட்டது.

ஸார் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "இன்றைக்கே புதுக் குடல் எடுத்து ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கொஞ்சமாவது வாயு வரும். ஓடு" என்றார். கையில் டப்பாவோடு ஓடினேன். ஏசியாட் விளையாட்டுக்காக ஊரையே தோண்டிப்போட்டிருந்தார்கள். மேம்பாலம் கட்டுகிற இடத்தில் பஸ் அசையவில்லை. இறங்கி நடந்தேன். ஜூன் மாத வெயில், லூ என்கிற அனல் காற்று முகத்தில் அறைந்தது. நடந்தேன் என்ன, ஓடினேன்.

காலனி வளைவிலேயே மண்ணெண்ணெய் நாற்றம். எங்கள் வாசலில் சைக்கிள், கைப்பம்பு, தகர டின். இரண்டு ஆட்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வெளியே வேப்பமரத்து நிழலில் நாற்காலியில். அப்பா, அன்று அரைநாள் லீவு, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "ஹோ கயா ஜி, ஏக்தம் ஃபர்ஸ்ட் க்ளாஸ்" என்றான் ஒருவன், வேலை முடிந்துவிட்டதாம். சமையலறை நிலை முழுக்க ஈரம், ஓட்டை போட்டு உள்ளே மருந்தைப் பாய்ச்சியிருந்தான். அடியில் வெள்ளை வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தன. சில இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தன.

"என்னப்பா இது?" என்றேன்.

"மூணு வருசம் களிச்சு இன்னைக்குத்தான் ஆர்டர் வந்துருக்கு. நான் அனுப்புன வாபஸ் லெட்டர் இன்னும் தபால் டைரியில ஏறலையாம்."

"வேண்டாம், போன்னு சொல்ல வேண்டியதுதான?"

"ஏளா, நான் கையெழுத்துப் போட்ட கம்ப்ளெயிண்டைக் கையில வச்சிக்கிட்டு நிக்கான். ஆறு ரிமைண்டர். கேட்டவனே வேண்டாங்கான்னு எழுதிட்டுப் போனாம்னா? வீட்ட உன் பேருக்கு மாத்தச் சொல்லி அதே ஆபீஸுலதான போயி நிக்கணும்?"

"வீடு எங்கப்பா இருக்கப் போகுது? அத இப்பத்தான் நீங்க கொன்னு தரையில போட்டிருக்கீங்க!" தெருவே கேட்கக் கத்தினேன். பஞ்சாபிப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பம்புக்காரன் "க்யா ஹுவா?" என்று ஒன்றும் புரியாமல் விழித்தான். காலையில் லேபில் நடந்ததை மூச்சிரைக்கச் சொல்லி முடித்தேன். அப்பா கையிலிருந்த பேனாவை மூடக்கூட இல்லை. மை சட்டையில் பட்டு ஊறிக்கொண்டிருந்தது.

நான் சுத்தியலும் அரிவாள்மணையும் எடுத்து நிலையைப் பிளந்தேன். பைத்தியம் பிடித்தவள் மாதிரி மேல்கட்டை வரைக்கும் பெயர்த்தேன். அப்பா பேசாமல் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். உத்தரக் கட்டையில் மருந்து எட்டாத ஒரு மூலையில் எண்பதோ தொண்ணூறோ உயிரோடு கிடைத்தன. டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்ப ஓடினேன். அன்று சாயங்காலமே குடல் எடுத்து மூன்று பாட்டிலில் போட்டேன். புதன்கிழமை ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை இல்லை. வெள்ளிக்கிழமை வைக்கோல் தூள் அடியில் அப்படியே படிந்து கிடந்தது. மருந்துப் புகை அவற்றையும் தொட்டிருக்க வேண்டும். பாட்டிலில் சாயம் என்னவோ நிறமில்லாமல்தான் இருந்தது. காற்று புகவில்லை, ஆனால் உள்ளே உயிரும் இல்லை.

கமிட்டியைத் தள்ளிப்போடக் கேட்டுப் பார்த்தார் ஸார். முடியாது என்றுவிட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். அறையில் வேறு யாரும் இல்லை. ஜன்னல் வழியே கேன்டீன் பின்பக்கம் தெரியும். அங்கே சாண எரிவாயுக் கலம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சாணியிலிருந்து வருவதும் மீத்தேன்தான், கரையானிலிருந்து வருவதும் மீத்தேன்தான். ஜ்வாலையில் பெயர் எழுதியா இருக்கிறது? மார்ச்சில் எரிந்தது பொய்யில்லையே. நாம் பார்த்ததைத்தான் திரும்பக் காட்டப் போகிறோம். பிறகு ஆறு மாதம் கிடைக்கும், நிஜமாகவே செய்துவிடலாம்."

நான் "யோசித்துச் சொல்கிறேன் ஸார்" என்றேன். ஏன் அப்போதே முடியாது என்று சொல்லவில்லை என்று யாராவது கேட்கலாம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற அம்மா உங்களுக்கு இருந்தால் தெரியும். நான் உத்தமி ஒன்றும் இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் முன்பக்கம் இருந்தால் டிக்கெட் வாங்காமலே இறங்கியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஆபீஸ் குண்டூசியை வீட்டுக்குக் கொண்டுவராத ஆள். தெரியாமல் சட்டையில் வந்துவிட்ட ஒன்றை மறுநாள் திரும்பக் கொண்டுபோய் வைத்தவர். அதைச் சொல்லி அம்மா எத்தனை கேலி செய்திருக்கிறாள்! அவர் "சீச்சீ" என்பார், நானும் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னேன்.

அவர் அம்மாவுக்கு இட்லியைப் பிட்டுப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிளந்த நிலையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"அந்த ஸார் சொல்லுதபடிச் செஞ்சிரு" என்றார்.

"அப்பா!"

"என்ன அப்பா? எரிஞ்சதுதான? நீ பாத்ததுதான? பொறவு என்ன? ஒரு தடவதான். யாருக்கு நட்டம்?" பிளந்த நிலையைத் திரும்பிப் பார்த்தார். "நான்தான் அந்தப் பயல உள்ள விட்டேன். தப்பு என் மேலதான். ஆனா உங்கம்மைய நான் எங்கன கொண்டுபோயி வைப்பேன், சொல்லு."

அவர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "சரி, செய்யுதேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

திங்கள் காலை ஏழு மணிக்கு ஸாரே கேன்டீன் பக்கம் போய் வாயுவைப் பிடித்து வந்து கண்ணாடி ஜாடியில் நிரப்பினார். நான் ஏழாம் நம்பர் பாட்டிலோடு குழாயை இணைத்தேன். அட்டெண்டரை வேண்டுமென்றே தபால் எடுக்க அனுப்பியிருந்தோம்.

பதினோரு மணிக்கு ஏழு பேர் வந்தார்கள். தலைவர் வயதானவர், பல் இல்லாத சிரிப்பு. ஸார் அரைமணி நேரம் பேசினார். நான் தீக்குச்சியைக் கிழித்து நீட்டினேன். ஒரு அங்குல உயரத்துக்கு நீலமாக எழும்பி நின்று எரிந்தது. மார்ச்சில் வந்த கடுகு எங்கே, இது எங்கே. கை தட்டினார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "மகளே, எவ்வளவு நாள் பாடுபட்டாய்?" என்று ஹிந்தியில் கேட்டார். நான்கு வருடம் என்றேன். "ஷாபாஷ்" என்று என் தலையில் கை வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அதோடு போயிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன், சத்தியமாக. ஆனால் கமிட்டியின் செயலாளர் சோதனைப் பதிவேட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார். அவரே எழுதியிருந்தார்: கரையான் குடல் நுண்ணுயிர், ஏழாம் பாட்டில், வாயு எரிந்தது. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பதிவேட்டில் நான்கு வருடமாக என் கையெழுத்து. வாயு வந்த நாளும் இருந்தது, வராத நாளும் இருந்தது. ரோஸ் ஆன நாட்களில் அழுதுகொண்டே போட்டவையும் இருந்தன. பேனாவை எடுத்தேன். முதல் எழுத்தைக்கூடப் போட முடியவில்லை. விரல் மடங்கவில்லை என்பதுதான் உண்மை, மனசாட்சி கினசாட்சி எல்லாம் அப்புறம் வைத்துக்கொண்ட பெயர்.

"இது கரையான் வாயு இல்லை. கேன்டீன் சாணி வாயு. எங்கள் பாட்டிலெல்லாம் போன வாரமே செத்துப்போயிற்று. மார்ச்சில் எரிந்தது நிஜம்" என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

யாரும் கத்தவில்லை. தலைவர் மெதுவாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஸார் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். ஜ்வாலை பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது, யாரோ குழாயை மூடினார்கள்.

திட்டத்தை மூடிவிட்டார்கள். மார்ச்சில் எரிந்ததையும் யாரும் நம்பவில்லை; அதைப் பார்த்த மூவரில் ஒருத்தியாக நான் சொல்கிறேன், அது எரிந்தது. ஸாரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். கிளம்பும்போது என்னைத் திட்டவில்லை, போய்வருகிறேன் என்றும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் என் வேலையும் முடிந்தது. வீட்டில் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன். அப்பா "அச்சா" என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து ஆபீஸ் முடிந்து நேராக வீடு தேடப் போனார். என்னோடு பேசினார், சாப்பிட்டாயா, பால் வந்ததா என்றெல்லாம். அந்த விஷயத்தை மட்டும் எடுக்கவில்லை. என்னை மன்னித்துவிட்டார், உள்ளூரப் பெருமையாகக்கூட இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். முட்டாள்.

கோட்லாவில் இரண்டாம் மாடியில் வீடு கிடைத்தது. ஒரு ஆள் அகலத்துக்குப் படி. குடிபோன அன்று அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, சேலையால் இடுப்பைச் சேர்த்துக் கட்டி, அப்பா நாற்காலியின் முன்காலைப் பிடிக்க நான் முதுகுப் பக்கம் பிடித்துத் தூக்கினோம். அம்மா நல்ல கையால் சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள். இனிமேல் இந்தப் படியில் இறங்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கும் தெரியும்.

முதல் மாடித் திருப்பத்தில் நாற்காலியை இறக்கினோம். அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார். சட்டை முழுக்க வேர்வை. மூச்சு வாங்கி முடிக்கக்கூட இல்லை, என்னைப் பார்த்துப் பேசினார்.

"முப்பத்தாறு வருசம் ஆபீஸுல ஒரு பொய் சொன்னதில்லட்டி. ஒரு பொய் எழுதுனதில்ல. என் ஆயுசுக்கும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், அதுவும் உன்கிட்ட. அந்த ஒரு பொய்ய எனக்காவச் சொல்ல உனக்கு வாயி வரலியே."

நான் வாயாடி. யாருக்கும் பதில் வைக்காமல் விட்டதில்லை. அன்று ஒரு வார்த்தை வரவில்லை. இப்போது அவர் இல்லை, அம்மாவும் இல்லை. நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். அவர் கேட்டதும் நியாயம்தான் என்றும் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்து ஒரு பதில் சொல்ல இன்றுவரை எனக்கு முடியவில்லை.

அம்மாதான் பேசினாள். கோணின வாயோடு, ஒவ்வொரு எழுத்தாக.

"போதும்ங்க. பிள்ளைக்குக் கை வலிக்கும். தூக்குங்க, இன்னும் ஒரு மாடி இருக்குல்லா."